பாதி பன்

"எனக்கு இனி முடியாது, சிஸ்டர்," என்றார் வியாகப்பன்.

சிஸ்டர் கித்தேரி குழாயடியில் குத்தவைத்துத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எது முடியாது, அண்ணாச்சி?"

"கொடுக்கதுக்கு."

உப்பளங்களைத் தாண்டி, கடலுக்குச் சற்று முந்தி இருந்தது அந்த இல்லம். பிள்ளைகள் கைவிட்டவர்களும் பிள்ளைகளே இல்லாதவர்களுமாக நாற்பது முதியவர்கள் அங்கே படுக்கையில் கிடந்தார்கள். வியாகப்பன் பஞ்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்தவர். மனைவி இறந்த மறுவருஷம், மிச்சமிருக்கிற நாட்களை ஆண்டவருக்குக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பி வந்தார்.

சிஸ்டர் கித்தேரி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இருந்தும் அவரைத்தான் வியாகப்பன் தன் குருவாக நினைத்தார். வந்த அன்றைக்கு சிஸ்டர் அவர் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, கடைசிக் கட்டிலைக் கைகாட்டினார். வேறு உபதேசம் எதுவும் செய்யவில்லை.

அது நடந்து மூன்று வருஷமாகிவிட்டது.

கடைசிக் கட்டிலில் கிடந்தவர் குருசு. ஒரு காலத்தில் வள்ளத்தில் போய் மீன் பிடித்த மனுஷன். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் கொஞ்சம் குழறும். வசவு மட்டும் சுத்தமாக வரும்.

"நேத்து என்ன ஆச்சு?" என்று கேட்டார் சிஸ்டர்.

"கஞ்சியை என் சட்டையில துப்பினார்."

"தினமும் துப்புறதுதானே?"

"தினமும் துப்புறதுதான். ஆனா நேத்து எனக்கு ஒண்ணு தோணுச்சு." வியாகப்பன் தலை குனிந்துகொண்டார். "இந்த ஆளு செத்துத் தொலைய மாட்டானான்னு தோணுச்சு. அதை நினைச்சுக்கிட்டேதான் அடுத்த கரண்டியை ஊட்டினேன்."

சிஸ்டர் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தக் கரண்டியை முழுங்கினாரா?"

"முழுங்கினார்."

"சூடு பதமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உப்பு?"

"சிஸ்டர், நான் என் ஆத்துமாவைப் பத்திக் கேக்கேன். நீங்க கஞ்சியைப் பத்திக் கேக்கீங்க."

"எனக்குக் கஞ்சியைப் பத்தித்தான் தெரியும், அண்ணாச்சி."

வியாகப்பன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலித்தது.

"மனசு உவந்து கொடுக்கணும்னு கோயில்ல சொல்லுதாங்க. கொடுத்தா சந்தோஷம் வரும்னு சொல்லுதாங்க. எனக்கு முதல் மாசம் வந்துச்சு. அப்புறம் வரல. இப்ப உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் கைதான் போயிட்டுப் போயிட்டு வருது. இப்படிக் கொடுக்கதை ஆண்டவர் எடுத்துக்குவாரா?"

சிஸ்டர் அடுத்த தட்டை எடுத்துத் தேய்த்தார்.

"உங்களுக்குச் சந்தோஷமா இருக்கா, சிஸ்டர்? உண்மையைச் சொல்லுங்க."

"இருந்துச்சு."

"எப்ப?"

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "அது ஆச்சு எட்டு வருஷம்."

வியாகப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. மூன்று வருஷமாக இதை எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று நினைத்தார்.

"பின்னே எதுக்குக் கொடுக்கீங்க?"

"பசிக்குதுங்காங்க," என்றார் சிஸ்டர்.

இன்னும் ஏதாவது சொல்வார் என்று வியாகப்பன் காத்திருந்தார். சிஸ்டர் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் வியாகப்பன் தன் இரண்டு வேட்டி சட்டைகளைப் பையில் வைத்தார். ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையிலும் சாப்பிடவில்லை. மதுரையில் தங்கை வீடு இருந்தது. அங்கே போய்க் கொஞ்ச நாள் சும்மா படுத்துக் கிடக்க வேண்டும் என்று இருந்தது.

சிஸ்டர் தடுக்கவில்லை. "குருசுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க," என்றார். அவ்வளவுதான்.

வியாகப்பன் கடைசிக் கட்டிலுக்குப் போனார்.

"போயிட்டு வாரேன்," என்றார்.

குருசு ஒற்றைக் கண்ணைத் திறந்து பையைப் பார்த்தார்.

"எங்க?"

"மதுரைக்கு."

"வரமாட்டே. எதுக்கு வாரேங்கே? பொய் பேசாத வே, மூதி."

வியாகப்பன் பையைத் தோளில் மாட்டினார். திரும்பினார்.

"நில்லு."

குருசுவின் வலக்கை தலையணைக்கு அடியில் போனது. நேரம் எடுத்தது. ஒரு காகிதப் பொட்டலம் வெளியே வந்தது.

அது என்னவென்று வியாகப்பனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆளுக்கு ஒரு பன் கொடுப்பார்கள். மற்றவர்கள் அப்போதே தின்றுவிடுவார்கள். குருசு மட்டும் தினம் ஒரு விள்ளலாகப் பிய்த்து அந்த வாரத்தை ஓட்டுவார். யாரையும் அதைத் தொட விடமாட்டார். அன்றைக்குப் புதன்கிழமை. பாதி மிச்சமிருந்தது.

"இந்தா."

"எனக்கு எதுக்கு?"

"மதுரை என்ன பக்கத்திலயா இருக்கு? வயிறு காயும்."

"சனிக்கிழமை வரைக்கும் உமக்கு வேணுமே?"

"எடுத்துக்கிட்டுத் தொலை வே. உன் மூஞ்சியைப் பாத்தாலே எரியுது."

குருசு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

வியாகப்பன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு உடைமரம் உண்டு. அதன் அடியில் உட்கார்ந்தார். எதிரே உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. பசி வயிற்றைப் பிடித்து இழுத்தது. பொட்டலத்தைப் பிரித்தார். பன் காய்ந்து கட்டையாகியிருந்தது. பல்லுக்கு வசப்படவில்லை. பாட்டில் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தின்றார்.

அந்தப் பன்னில் அன்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். கொடுத்தவர் முகத்தில் அது இல்லை. அவர் பேச்சிலும் இல்லை.

வசவு காதில் இருந்தது. பன் வயிற்றில் இருந்தது. பசி அடங்கியிருந்தது.

காகித மடிப்பில் கிடந்த துகளையும் விரலில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

பேருந்து வந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது.

"ஏறுங்க, பெரியவரே," என்றார் கண்டக்டர்.

வியாகப்பன் எழுந்தார். படியில் ஒரு காலை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"வேணாம், நீங்க போங்க."

பேருந்து போய்விட்டது. அழுகை வரும் என்று நினைத்தார். வரவில்லை. மனசு லேசாகும் என்று நினைத்தார். அதுவும் ஆகவில்லை. பை முன்னைப் போலவே கனத்தது. முழங்காலும் வலித்தது. அப்படியே நடந்தார்.

இல்லத்தில் மத்தியானக் கஞ்சி இறக்கியாகிவிட்டது. சிஸ்டர் கித்தேரி அண்டாவைத் தனியாளாகச் சமையலறையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்ததும் நின்றார்.

"பஸ் வரலையா, அண்ணாச்சி?"

"வந்துச்சு."

சிஸ்டர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"களைப்பு போயிருச்சா?"

"இல்ல, சிஸ்டர்."

"எனக்கும் போகல," என்றார் சிஸ்டர். "அண்டாவோட அந்தக் காதைப் பிடிங்க."