சரக்கறைக்குள் நயினார்

காலை ஏழரை மணி. ஒரு கதவு, மூன்று கீல், ஒரு பூட்டு. இவற்றோடு ஆறுமுகநயினார் மடத்து வாசலில் வந்து இறங்கினார்.

கதவு ஆட்டோவின் கூரைமேல் வந்தது. நயினார் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார்.

மடம் தென்காசிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருந்தது. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரு சரக்கறை. சரக்கறைக்குக் கதவு கிடையாது. வாழைத்தார்களைக் குரங்குகள் பங்கு போட்டு வந்தன.

மடத்தின் குரு உலகம்மை. வயது முப்பத்தாறு. யார் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டார் என்று பெயர். மன அமைதிக்கு வழி கேட்டு வந்த துணிக்கடை முதலாளியிடம் ஒரு கூடை வெங்காயத்தைக் கொடுத்தார். அவர் இன்றும் சனிக்கிழமை தோறும் வந்து உரித்துவிட்டுப் போகிறார்.

நயினாருக்கு வயது நாற்பத்தேழு. குருவைத் தாயி என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு நயினார் கேட்டார்.

"தாயி, கதவு மாட்டுற தொழிலுக்கு இனிமே வாழ்வு இருக்கா?"

"ஏன் அண்ணாச்சி, சனங்க கதவை மூடுறதை நிறுத்திட்டாவளா?"

"வெளையாடாதீய தாயி. கம்பெனிக்காரன் நிலையும் கதவுமா ஒண்ணாச் செஞ்சு லாரியில அனுப்புதான். அவன் ஆளு வந்து பொந்துல வச்சு, நுரை மாதிரி ஒண்ணப் பீச்சியடிச்சிட்டுப் போயிருதான். அரை மணி நேர வேலை. பெரிய கடையில எல்லாம் கண்ணாடிக் கதவு. ஆளைக் கண்டா தானாத் தெறக்கு. எனக்கு அங்க என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்லியா?"

நயினாரின் முகம் சுருங்கியது.

"ஒண்ணு இருக்கு. என் மச்சினன் பேசி வச்சிருக்கான். நகைக்கடை வாசல்ல நிக்கணும். தொப்பி, பித்தளைப் பொத்தான் வச்ச சட்டை எல்லாம் உண்டு. வாரவங்களுக்குக் கதவைத் தெறந்துவிட்டு சலாம் போடணும்."

"அந்தக் கதவு தானாத் தெறக்காதா?"

"தெறக்கும். தானாத் தெறந்தா மரியாதை இல்லியாம். அதுக்குத்தான் ஆளு."

உலகம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நீங்க என்ன சொன்னீய?"

"மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும். சட்டைக்கு அளவு கேக்கான். வீட்டுல அவளுக்குச் சந்தோசம், மாசாமாசம் சம்பளம் வருமேன்னு. எனக்குத்தான் மனசு ஆற மாட்டேங்கு. இருவத்தஞ்சு வருசமா இதே வேலை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க தாயி. இருன்னா இருக்கேன். விடுன்னா உளியை வித்துட்டுத் தொப்பியை மாட்டிக்கிடுதேன்."

உலகம்மை கதவைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். அங்கே இரண்டு குரங்குகள் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மொதல்ல இவுங்களுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றார்.

நயினார் வேலையைத் தொடங்கினார்.

சுவர் பழைய கல்சுவர். வாசல்நிலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவர் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார், உச்சுக்கொட்டினார், கதவின் விளிம்பை இழைப்புளியால் சீவினார். மூன்று கீலும் ஏறின. கதவு உட்கார்ந்தது. பூட்டையும் செருகி முடுக்கினார். கைப்பிடி மட்டும் பாக்கி.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கைப்பிடி போடுவதற்கு முன்பு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெளிச்சம் பார்ப்பார். விளிம்பில் எங்கே வெளிச்சம் தடித்துத் தெரிகிறதோ, அங்கே கீலைத் திருத்தவேண்டும். அப்படிப் பார்க்கும்போது பூட்டின் நாக்கு விழுந்துவிடாமல் ஒரு கந்தல் துணியைச் செருகிக்கொள்வார்.

இருபத்தைந்து வருடத்தில் ஒருநாளும் துணியை மறந்ததில்லை. அன்று அவர் மனம் பித்தளைப் பொத்தானில் இருந்தது.

களுக்.

உள்ளே கதவைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"தாயி!"

"என்ன அண்ணாச்சி?"

"பூட்டிக்கிட்டு."

"நல்ல பூட்டு."

"பை வெளியில கெடக்கு. அதுல கைப்பிடி இருக்கும், சதுரக் கம்பியோட. கம்பியை ஓட்டைக்குள்ள விட்டு ஒரு திருப்புத் திருப்புங்க."

"தெரியாத வேலையில நான் கை வைக்கமாட்டேன்."

"அப்பம் மேல பலகை போட்டு மூடுன சின்ன சன்னல் இருக்கே, பலகையைத் தள்ளி அது வழியாப் பையைப் போடுங்க."

"பாப்போம். மொதல்ல வேலை தெரிஞ்ச ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பாப்போம். வாழ்வு இல்லாத தொழில்தானே. எல்லாரும் சும்மாத்தான் இருப்பாவ."

நயினார் கதவைவிட்டு நகர்ந்தார். இருட்டில் தடவி ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்தார்.

உலகம்மை சமையல்காரர் சங்கிலியைக் கூப்பிட்டார். மடத்தில் செல்போன் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அவருக்குக் காது மந்தம். யாரிடம் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஊருக்கே கேட்கும். சரக்கறைக்கும் கேட்டது.

முதலில் கடையத்திலிருந்த ஒரு தச்சர்.

"கதவா? அடுத்த மாசம் பாக்கலாம் சாமி."

"அவசரம்யா. ஒரு ஆளு உள்ள மாட்டிக்கிட்டாரு."

"சாப்பாட்டுக்கு?"

"வாழைப்பழம் கெடக்கு."

"எத்தனை தாரு?"

"ஏழு."

"அப்பம் புதன்கெழமை வாரேன்."

அழைப்பு நின்றது.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமை!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அடுத்து யாரைக் கூப்பிடலாம் அண்ணாச்சி?" என்றார் உலகம்மை. "பாவூர்சத்திரத்துல மீரான்னு ஒருத்தர் இருக்காராமே?"

"மீரானா? அவன் வேண்டாம் தாயி! என்னைய இந்தக் கோலத்துல அவன் பாக்கக்கூடாது."

ஒரு கல்யாண மண்டபத்து வேலை யாருக்கு என்பதில் இருவருக்கும் தகராறு. மூன்று வருடமாகப் பேச்சு இல்லை.

சங்கிலிக்கு நயினார் சொன்னது காதில் விழவில்லை. போன் போட்டுவிட்டார்.

"மீரான் பாயா? மடத்துல இருந்து சங்கிலி. ஒரு கதவு தெறக்கணும்."

"இன்னைக்கு நாலு வீட்டுல ஆளு நிக்கிது சாமி. தலைக்குமேல சோலி. சுவரு எப்பிடி, நேரா இருக்கா?"

"கல்சுவரு. கோணல்தான்."

"கோணச் சுவரா? அப்பம் நயினார் அண்ணனைக் கூப்பிடுங்க. கோணச் சுவத்துல கதவு உக்காரணும்னா அந்த மனுசன் கைதான். நானே ரெண்டு எடத்துல முடியாம விட்டுட்டு வந்திருக்கேன். ஆனா நான் சொன்னேன்னு சொல்லிராதீய, எங்களுக்குள்ள பேச்சு இல்ல. அவரு கெடைக்கிறதும் கஷ்டம். பெரிய கை பாத்துக்கிடுங்க."

சரக்கறையில் வாழைப்பழம் மெல்லும் சத்தம் நின்றது.

"சங்கிலி, பேசுனது மீரானா?"

உலகம்மை சொன்னார். "மீரான்தான்."

"இன்னொரு தடவை போட்டுக் கேக்க முடியுமா?"

"அவருக்குத் தலைக்குமேல சோலியாம் அண்ணாச்சி."

நேரம் போனது. சங்கிலி இன்னும் இரண்டு பேரிடம் பேசினார். ஒருவர் கேரளாவில் வேலையாக இருந்தார். இன்னொருவர் ஏணிமேல் நின்றபடி பேசினார், பிறகு பேசுவதாகச் சொன்னார்.

நயினாருக்குப் பொறுமை போய்விட்டது. கதவை ஓங்கித் தட்டினார்.

"என்ன அநியாயமா இருக்கு! இத்தனை ஊரு இருக்கு, கதவுக்குன்னு ஒரு ஆளு கெடைக்கலையா?"



தட்டிய கை பாதியில் நின்றது.

உலகம்மை சங்கிலியின் காதருகே குனிந்தார். "கம்பெனிக்குப் போடுங்க. லாரியில கதவு அனுப்புறாவளே, அவங்களுக்கு."

போனில் கொஞ்ச நேரம் வீணை இசை கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

"வணக்கம் சார், சொல்லுங்க."

சங்கிலி சொன்னார்.

"பழைய சுவரா சார்? அப்போ எங்க கதவு சரியா உட்காராது. உள்ளூர் ஆளை வச்சு நிலையை நேராக்கிக் கொடுத்தீங்கன்னா அனுப்பலாம்."

"உள்ளூர் ஆளு கெடைக்கலியேம்மா."

"எங்களுக்கும் அதே கஷ்டம்தான் சார். உங்க மாவட்டத்துக்கு வந்த கதவெல்லாம் மாட்ட ஆள் இல்லாம குடோன்ல நிக்குது. நல்லா வேலை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா நம்பர் கொடுங்க சார், நாங்களே கூப்பிடுறோம்."

சங்கிலி யோசித்தார்.

"ஒருத்தரு இருக்காரு."

"எங்க இருக்கார் சார்?"

"உள்ள இருக்காரு."

குரல் சற்றுத் தயங்கியது. "உள்ளன்னா... ஜெயில்லயா சார்?"

"இல்லம்மா. சரக்கறையில."

முதலில் அது இருமல்போலத்தான் கேட்டது. பிறகு கதவு அதிர்ந்தது. நயினார் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார். கதவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிச் சிரித்தார். உலகம்மை படியில் உட்கார்ந்து சிரித்தார். எதற்கென்று காதில் விழாமலே சங்கிலியும் சிரித்தார்.

"யம்மா தாயி, போதும்" என்றார் நயினார்.

உலகம்மை முக்காலியைப் போட்டு ஏறினார். சன்னல் பலகையைத் தள்ளிப் பையை உள்ளே போட்டார்.

கதவு உடனே திறந்தது. நயினார் வெளியே வந்தார். கண்ணில் தண்ணீர், மீசையில் பழம்.

"இந்தப் பையை மொதல்லயே குடுத்திருக்கலாமே தாயி?"

"குடுத்திருக்கலாம்."

அவருடைய பைக்குள் செல்போன் அடித்தது. மச்சினன். கடைக்காரர்கள் காத்திருக்கிறார்கள், சட்டைக்குக் கை நீளம் எவ்வளவு என்று கேட்டான்.

"மாப்ள, கை இங்க வேலையா இருக்கு" என்று சொல்லி நயினார் போனை வைத்தார்.

உலகம்மை புதுக்கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"காலையில என்னமோ கேட்டீயளே அண்ணாச்சி, என்ன அது?"

திரும்பிப் பார்த்தார்.

நயினார் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதற்கும் கதவு கிடையாது. அளவு டேப்பை இழுத்து, அதன் நுனியைக் குருவிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க தாயி."

2025 ஜனவரி 20, திங்கட்கிழமை. தென்காசியில் புதிதாகக் கட்டிய மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் கதவு மாட்டும் வேலையை ஆறுமுகநயினாரும் மீரானும் சேர்ந்து தொடங்கினார்கள்.