மூச்சுக்கேற்ற எக்காளம்

பெரியவர்களும் பிள்ளைகளும் கேளுங்கள். ஆற்றுக்கு அணை என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், ஓர் அரசனின் வாசலில் ஐயாறன் என்றொருவன் எக்காளம் ஊதிவந்தான். ஆள் உயரப் பித்தளைக் குழல் அது. அவன் ஊதினால் அக்கரையில் மேயும் மாடுகளும் தலை தூக்கிப் பார்க்கும்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. உயிர் பிழைத்தான், மூச்சு பிழைக்கவில்லை. உடன் ஊதிவந்த நம்பன் அரசனிடம், “இனி இவனால் ஆகாது” என்று சொல்லி, அந்த இடத்தில் தான் நின்றான்.

ஐயாறன், பித்தளை வேலை செய்யும் கன்னார் தெருவுக்குப் போனான். கரி சுமந்தான், துருத்தி மிதித்தான், தகடு தட்டினான். ஆண்டுகள் கடந்தன. அவனே எக்காளம் செய்பவனானான். மற்றக் கன்னார்களுக்குப் பித்தளை தெரியும். அவனுக்கு மூச்சும் தெரியும்.

அரசன் புதுக்கோயில் ஒன்று எழுப்பி, குடமுழுக்குக்கு ஓர் எக்காளம் செய்யச் சொன்னான். “ஒலி கோபுரத்தைத் தாண்டவேண்டும். தாண்டாவிட்டால், நீ இந்நாட்டில் உலை மூட்டக்கூடாது.”

ஐயாறன் செய்து கொண்டுவந்தான். சபை நடுவே நம்பன் ஊதினான். முதல்முறை ஒலி வாசல்வரை போயிற்று. இரண்டாம்முறை தூண்வரை போயிற்று. மூன்றாம்முறை வெறும் காற்றுத்தான் வந்தது.

“கருவி சரியில்லை, அரசே” என்றான் நம்பன்.

ஐயாறன் அந்த மூச்சைக் கேட்டான். அதன் அடியில் ஓர் இழுப்பு இருந்தது. நோய் கண்ட நாளில் தன் நெஞ்சில் கேட்ட அதே இழுப்பு. ஒரு சொல் சொன்னால் போதும், நம்பன் வாசலை விட்டுப் போகவேண்டியதுதான். அந்தச் சொல் நாக்குவரை வந்தது.

“என்ன சொல்கிறாய், ஐயாறா?” என்றான் அரசன்.

“குறை என் வேலையில்தான், அரசே. பௌர்ணமிவரை பொறுத்தருள வேண்டும்.”

“அன்றும் ஒலிக்காவிட்டால்?”

“என் உலையை நானே அணைத்துவிடுகிறேன்.”

அவன் அதை உருக்கி மறுபடி வார்த்தான். துளையைக் குறுக்கினான். தகட்டை மெலிதாக்கினான். உதடு வைக்கும் இடத்தைச் சிறிதாக்கினான். நலிந்த தன் மூச்சாலேயே ஊதி ஊதிப் பார்த்தான்.

பௌர்ணமியன்று நம்பன் தயங்கித் தயங்கி வாய் வைத்தான். ஒலி தூணைத் தாண்டியது, வாசலைத் தாண்டியது, கோபுரத்தையும் தாண்டியது. சிறிய மூச்சுக்கென்றே செய்த கருவி என்பது அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

பரிசு கொடுக்க அரசன் எழுந்தான். நம்பன் குறுக்கே வந்து நின்றான்.

“அரசே, முதல் எக்காளத்தில் ஒரு குறையும் இல்லை. போனது என் மூச்சு. இவருக்கு அது தெரியும். தெரிந்தும் பழியைத் தான் ஏற்றுக்கொண்டார்.”

அரசன் ஐயாறனைப் பார்த்தான். “அன்றே ஏன் சொல்லவில்லை?”

“சொல்லியிருந்தால் அவர் வெளியே போயிருப்பார். இந்த வாசலை விட்டு வெளியே நடப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அரசே.”

மூச்சு உள்ளவரை நம்பனே ஊதட்டும் என்று அரசன் ஆணையிட்டான். குடமுழுக்கன்று நம்பன் ஊத, ஐயாறன் பக்கத்தில் நின்று, அவன் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

ஆகையால் மக்களே, பிறர் குறையை ஊரறியக் காட்டுவதைவிட, அந்தக் குறையோடும் அவர் நிமிர்ந்து நிற்க வழி செய்வதே பெரிய திறமை.