ஆள்காட்டி தேடிய எல்லை

ஆடுமாடும் காக்கை குருவியும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கொங்கு நாட்டு உயிர்களுக்கெல்லாம் காங்கேயம் காளை ஒன்றுதான் தலைவர். மழை பொய்த்த ஒரு வருடம், வெளியிலிருந்து யார் யாரோ வந்து மேய்ந்துவிட்டுப் போவதாக அதனிடம் புகார் வந்தது. காளை ஆள்காட்டிக் குருவியைக் கூப்பிட்டது. குருவி அப்போது முட்டையிடும் பருவத்தில் இருந்தது.

“அம்மிணி, உனக்கு நல்ல தொண்டை. நம்ம நாட்டு எல்லையில போயிக் குடியிரு. வெளியாளு வந்தா கத்து. நம்மாளு வந்தா கம்முனு இரு.”

“ஆகட்டுங்க. எல்லை எங்கீங்க இருக்குது?”

காளை கொம்பை இப்படியும் அப்படியும் ஆட்டியது. “கோயமுத்தூரு நம்மளுது. ஈரோடு, திருப்பூரு நம்மளுது. அதுக்கு மேல... போய்க் கேட்டுப் பாரேன்.” தலைவருக்கே தெரியாது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆள்காட்டி கரூருக்குப் பறந்தது. ஆற்றில் படுத்திருந்த எருமை, “நாங்க அசல் கொங்குங்க. எல்லை குளித்தலைப் பக்கம் இருக்கும்” என்றது. குளித்தலைக் கொக்கோ, “நாங்க திருச்சிப் பக்கம். கரூர்லயே பாதிப் பேரு எங்காளுங்கதான்” என்றது. பழநி மயில், “திருவிழாவுக்கு வர்ற கூட்டத்தைப் பாத்தா நாங்க கொங்கு. சந்தைக்கு வர்ற சாமானைப் பாத்தா மதுரை. நீயே ஒண்ணு சொல்லிட்டுப் போ” என்று அதனிடமே விட்டுவிட்டது. சேலத்தில் இரண்டு குரங்குகள். சேலம் கொங்குதான் என்றது ஒன்று, இல்லவே இல்லை என்றது மற்றொன்று. இரண்டும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி!

ஆள்காட்டிக்குத் தலை கிறுகிறுத்தது. முட்டையோ காத்திருக்காது. சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே ஒரு பொட்டலில் இறங்கிக் கூடு கட்டக் குச்சி பொறுக்கியது. நாளைக்கே எல்லை அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டால் கூட்டை யார் தூக்கிக்கொண்டு போவது? குச்சியைப் போட்டுவிட்டு வெறும் தரையில் நான்கு முட்டை இட்டது.

மறுநாள் காலை, சேலத்துப் பக்கமிருந்து ஓர் உடும்பு வந்தது. கத்த வாயெடுத்த ஆள்காட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அண்ணன் குரங்கு சொன்னபடி பார்த்தால் இது நம்மாள். தம்பி சொன்னபடி பார்த்தால் வெளியாள். கத்துவதா, வேண்டாமா? பாவம், நின்று யோசித்தது. ஆள்காட்டி பாய்ந்து கொத்தித் துரத்துவதற்குள் மூன்று முட்டை உடும்பின் வயிற்றுக்குள் போய்விட்டது.

அழுகைச் சத்தம் கேட்டுக் காளை ஓடி வந்தது.

“உடும்பு நம்மாளுங்களா, வெளியாளுங்களா? நான் கத்தியிருக்கோணுமா, வேண்டாமா? இப்பவாச்சும் சொல்லுங்க!”

காளை தரையைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது. “அது வந்து... யோசிச்சுத்தான் சொல்லோணும், அம்மிணி.”

ஆள்காட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீங்க யோசிச்சுட்டே இருங்க. என்ற பிள்ளைக மூணு போயிருச்சு. இனி நான் கத்திப்போட்டுத்தான் யோசிப்பேன்!”

சமாதானம் சொல்லக் காளை ஓரடி எடுத்து வைத்தது. அவ்வளவுதான், ஆள்காட்டி மேலே கிளம்பி அதன் கொம்பைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

“அட, நான்தான் அம்மிணி! தலைவரு!”

“யாரா இருந்தா எனக்கென்னங்க? முட்டைகிட்ட வராதீங்க!”

அன்று தொடங்கிய பழக்கம்தான். ஆள்காட்டி வெறும் தரையில் முட்டையிடுகிறது, யார் கிட்டே வந்தாலும் கத்துகிறது, எந்த ஊர் என்று ஒருவரையும் கேட்பதில்லை.