ஒரு பிளேட் கூடுதல்

"எவ்வளவு இறுக்கினாலும் வழுக்குது, மாஸ்டர்."

சூசைமாணிக்கம் இதைச் சொன்னபோது சுபைதா ஒரு ஸ்கூட்டருக்கு பிளக் மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

சேலத்தில், ஏற்காடு மலை அடிவாரத்தில் இருந்தது சுபைதாவின் பட்டறை. லாரி ஓட்டி ஓய்வுபெற்ற சூசைமாணிக்கம் அங்கே மெக்கானிக் வேலை கற்க வந்திருந்தார். மாஸ்டருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடருக்கு அறுபது.

வழுக்கியது அவருடைய பழைய புல்லட்டின் கிளட்ச். ஊருக்குள் வண்டி சிங்கம் மாதிரி போகும். மலையில் பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்ஜின் மட்டும் கத்தும். வண்டி நகராது.

"ஸ்பிரிங்கை எதுவரைக்கும் டைட் பண்ணியிருக்கீங்க, அண்ணே?"

"கடைசி வரைக்கும்."

சுபைதா எழுந்து வந்து கிளட்ச் லீவரை இழுத்தார். ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு விரல்களை உதறினார்.

"இதை எப்படி ஓட்டுறீங்க?"

"வலியோடதான்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

சூசைமாணிக்கம் தரையைப் பார்த்தார்.

"போன தடவை மச்சினிச்சி வீட்டு விசேஷத்துக்கு ஏற்காடு போனோம். பெரிய வளைவு வந்ததும் பிலோமினாவை இறக்கிவிட்டேன். பட்டுப்புடவையோட, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்து வந்தா. சொந்தக்காரங்க வேன் அவளைத் தாண்டிப் போச்சு. எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க."

"நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"உன் வெயிட்டுதான் காரணம்னு சொன்னேன்."

சுபைதா லீவரை இன்னொரு தடவை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். அதுவே சூசைமாணிக்கத்துக்குச் சுட்டது.

"ஞாயித்துக்கிழமை மச்சினிச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம், மாஸ்டர். 'கடைசியா ஒரு தடவை உக்கார்றேன். இறங்கச் சொன்னீங்கன்னா வண்டியை வித்துடணும்'னு சொல்லிட்டா. இன்னும் பலமான ஸ்பிரிங்கா போட்டுக் கொடுங்க."

சுபைதா கை துடைக்கும் பழந்துணியை எடுத்தார். அதன் நுனியை சூசைமாணிக்கத்தின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தார்.

"இறுக்கிப் பிடிங்க."

பிடித்தார். சுபைதா இழுத்தார். துணி உருவிக்கொண்டு வந்தது.

"இன்னும் இறுக்கி."

நகம் வெளுக்க அழுத்தினார். மறுபடியும் உருவிக்கொண்டு வந்தது.

சுபைதா அதே துணியை அவருடைய ஐந்து விரல்களுக்கு இடையிலும் மேலும் கீழுமாக நுழைத்துக் கோத்தார்.

"சும்மா மூடிக்கோங்க. இறுக்காதீங்க."

இழுத்தார். துணி வரவில்லை. சூசைமாணிக்கம்தான் ஒரு அடி முன்னால் வந்தார்.

"வண்டியைப் பிரிங்க, அண்ணே."

சனிக்கிழமை முழுக்க வேலை நடந்தது. சுபைதா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். சூசைமாணிக்கம் தன் கையாலேயே எல்லாம் செய்தார். தேய்ந்து வழவழப்பாகிவிட்ட கிளட்ச் பிளேட்டுகளைக் கழற்றினார். பிளேட்டுகள் அடுக்கியிருந்த பழைய டிரம்மை எடுத்துவிட்டு ஆழமான டிரம் ஒன்றைப் பொருத்தினார். புது பிளேட்டுகளை வரிசையாக அடுக்கினார். முன்பு இருந்ததைவிட ஒரு பிளேட் கூடுதலாக உள்ளே போய் உட்கார்ந்தது.

கடைசியில் ஸ்பிரிங். ஸ்குரூ டிரைவரை எடுத்து அடி வரைக்கும் திருகப் போனார்.

"பாதி போதும்."

"வழுக்கிடும் மாஸ்டர்!"

"பாதி."

பாதியில் நிறுத்தினார்.

மாட்டி முடித்து லீவரை இழுத்தார். இரண்டு விரலுக்கே வந்துவிட்டது. அவர் முகம் வாடிவிட்டது.

"இவ்வளவு லேசா இருந்தா எப்படிப் பிடிக்கும்?"

"போய்ட்டு வந்து கேளுங்க," என்றார் சுபைதா.

ஞாயிற்றுக்கிழமை காலை பிலோமினா பின்னால் ஏறி உட்கார்ந்தார். பின்னால் சொந்தக்காரர்கள் வேன் வந்தது.

பெரிய வளைவு தெரிந்தது. பிலோமினா செருப்பைக் காலிலிருந்து தளர்த்திக்கொண்டு, இறங்கத் தயாராக அவர் தோளில் கை வைத்தார்.

சூசைமாணிக்கம் கியரைக் குறைத்தார். லீவரை விட்டார். இடது கை பழக்கத்தில் எதையோ இறுக்கத் தேடியது. இறுக்க எதுவும் இல்லை.

ஆக்சிலேட்டரைத் திருகினார்.

இன்ஜின் கத்தவில்லை. தாழ்ந்த குரலில் உறுமியது. வண்டி ஏறியது.

வளைவு முடிந்தது. அடுத்த வளைவும் முடிந்தது.

"ஏங்க, நிறுத்தலையா?"

"நிறுத்தல."

கீழே வேன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்த பிலோமினா வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் சூசைமாணிக்கம் கேட்டே இராத சிரிப்பு அது. மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

மச்சினிச்சி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஆண்கள் சுற்றிக்கொண்டார்கள். என்ன மாத்தினீங்க, எங்க மாத்தினீங்க என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"வெயிட்டு காரணம் இல்ல, பிலோ."

"தெரியும்," என்றார் பிலோமினா.

இறங்கி முன்பக்கம் வந்தார். தினமும் கிளட்ச், கியர் உள்ள ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர் அவர். இந்த வண்டியின் லீவரை மட்டும் தொட்டதே இல்லை. இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். மெதுவாக விட்டார். இன்னொரு தடவை இழுத்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பிலோமினா முந்தானையை இடுப்பில் செருகினார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏரியை ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். பின்னாடி தள்ளி உக்காருங்க."