தொட்டுத் தின்ற பானம்

முன்னே எப்போதோ ஒரு காலத்தில், பேர் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாத ஒரு தேசத்தை வல்லபேந்திரர் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். மழை பொய்த்தால் வரியைத் தள்ளுவார். வழக்கு வந்தால் இரண்டு பக்கமும் கேட்பார். ஆனால் சம்பந்தி என்ற பேச்சை எடுத்தால் போதும், அந்த நல்ல மனுஷர் எங்கேயோ ஓடிப்போய்விடுவார். பெண் கொடுத்த இடத்தில் தலை குனிய எந்தத் தகப்பனுக்குத்தான் மனசு வரும்? அரசரானாலும் தகப்பன் தகப்பன்தானே.

சம்பந்தி அரசர் போன மாதம் ஒரு விருந்து வைத்திருந்தார். விருந்துக்கு நடுவில் ஒரு பானம் வந்தது. எருமைத் தயிரைக் கடைந்து, நார்த்தங்காய்ச் சாறும் இஞ்சியும் பச்சை மிளகும் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் சேர்த்து, இறக்கிய மணம் மாறாத தென்னங்கள்ளை ஒரு சிறங்கை விட்டுக் கலக்கிய பானம். கிண்ணத்தின் விளிம்பெல்லாம் உப்பும் மிளகுப்பொடியும் ஒட்டவைத்திருந்தார்கள். உதடு வைத்த உடனே சுறுக்கென்றது. தொண்டையில் இறங்கும்போது குளிர்ந்தது. நம் அரசர் சொக்கிப்போனார். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி, இதெல்லாம் உங்கள் பக்கம் கிடைக்குமோ என்னவோ, கூச்சப்படாமல் குடியுங்கள் என்று சொல்லிவிட்டார். அரசருக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்தாலும் மூன்று கிண்ணம் குடித்துவிட்டுத்தான் எழுந்தார் என்பது வேறு விஷயம்.

பதில் விருந்துக்கு நாள் குறித்தார்கள். குறித்தவர்கள் நட்சத்திரம் பார்த்தார்கள், திதி பார்த்தார்கள், அன்றைக்கு அடுப்போய்வு நாள் என்பதை மட்டும் மறந்துபோனார்கள். அந்தத் தேசத்தில் அது பெரிய வழக்கம். வருஷமெல்லாம் வெந்துகொண்டிருக்கிற அடுப்புக்கு, முதல் விதைப்புக்கு முன்னால் ஒரு நாள் ஓய்வு. சாம்பலை வாரி, அடுப்பை மெழுகி, அதன்மேல் கோலம் போட்டு வைத்துவிடுவார்கள். அன்று குடிசையிலும் நெருப்பு மூட்டமாட்டார்கள், அரண்மனையிலும் மூட்டமாட்டார்கள். ஓலை போய்ச் சேர்ந்து, வருகிறோம் என்று பதிலும் வந்தபிறகுதான் இது யாருக்கோ ஞாபகம் வந்தது.

வேறொருவராக இருந்தால் நாளை மாற்றியிருப்பார். நம் அரசர், அடுப்பில்லாமலே அசத்திக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பிவிட்டார். சபையைக் கூட்டித் தன் ஆசையைச் சொன்னார்.

“அவர் குடிக்கத் தந்ததையே நாமும் குடிக்கத் தந்தால் பார்த்துச் செய்தோம் என்று பேர் வரும். அதே பானத்தை நாம் தின்னத் தர வேண்டும். தொட்டுத் தொட்டுத் தின்ன வேண்டும். ருசி ஒரு இம்மியும் மாறக்கூடாது. செய்து தருபவர் யார்?”

பானத்தை எப்படி ஐயா தின்பது? அப்போது மடைப்பள்ளித் தலைவர் சபாநடேசர் மெல்ல எழுந்தார். இவருக்குச் சபையின் விகடனான முத்திருளன்மேல் தீராத எரிச்சல். காரணமும் இல்லாமல் இல்லை. அவர் விடியற்காலையிலிருந்து நின்று வேகவைத்துச் சுடச்சுட அனுப்புகிற பலகாரத்தை, அரசர் முத்திருளன் பேச்சைக் கேட்டுச் சிரித்துச் சிரித்தே ஆறவிட்டுவிடுவார். ஆறிய பலகாரம் அப்படியே திரும்பி வரும். சமைத்தவன் வயிறு எரியுமா எரியாதா?

நெருப்பில்லாமல் பானத்தைச் சுண்டவைப்பது சமையற்காரனால் ஆகாது, புத்தியால் ஆகாதது எதுவுமில்லை என்று நம் விகடர்தான் தினமும் சொல்லுகிறாரே, அவரே செய்யட்டும் என்றார் சபாநடேசர். அதோடு விட்டாரா? வெயிலும் நெருப்புத்தான், ஆகையால் வெயிலில் வைக்கக்கூடாது. மாவு கலந்து கெட்டியாக்கக்கூடாது. மடைப்பள்ளியில் அன்று எல்லாமே ஓய்வு, ஆகையால் பாத்திரம் எதையும் விகடர் கையால் தொடக்கூடாது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

“முடியாமல் போனால், அன்று முதல் விகடர் இந்தச் சபைக்கு வரலாம், உட்காரலாம், உண்ணலாம். வாய் திறந்து ஒரு சொல் பேசக்கூடாது.”

சம்பந்தி நினைப்பிலேயே இருந்த அரசர், சரியாகக் காதில் வாங்காமலே ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டார்.

தலையை வாங்குவேன் என்றிருந்தால்கூட முத்திருளன் அவ்வளவு பயந்திருக்கமாட்டான். நாலு பேர் கேட்கப் பேசி, அந்த நாலு பேரும் சிரிப்பதைக் கண்ணால் பார்ப்பதுதான் அவனுக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம். பேசாத முத்திருளன் இருந்தென்ன, செத்தென்ன? ஆனால் முகத்தில் காட்டிக்கொண்டால் அவன் விகடனா? கையைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு விளக்கம் கேட்டான்.

“பாத்திரம் என்று தலைவர் எதைச் சொல்லுகிறார் மகாராஜா? பிற்பாடு தகராறு வரக்கூடாது பாருங்கள். இலக்கணத்தை அவர் வாயாலேயே சொல்லட்டும்.”

சபாநடேசருக்கு ரோஷம் வந்துவிட்டது. “நாற்பது வருஷம் மடைப்பள்ளி நடத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? எதில் தண்ணீர் ஊற்றினால் ஒழுகாமல் நிற்கிறதோ அது பாத்திரம். மண்ணோ மரமோ பொன்னோ, எதுவானாலும் சரி. ஒழுகுவது எதுவும் பாத்திரமாகாது.”

சபை எழுத்தன் அதை ஓலையில் எழுதிக்கொண்டான். உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், அந்த நிமிஷத்தில் முத்திருளனிடம் ஒரு யோசனையும் கிடையாது. வாதாட ஒரு பிடி இருக்கட்டுமே என்றுதான் கேட்டுவைத்தான். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டான். பானத்தைக் கெட்டியாக்க வேண்டுமென்றால் தண்ணீர் போக வேண்டும். நெருப்பும் வெயிலும் இல்லாமல் தண்ணீர் எப்படிப் போகும்?

எதிரே தயிர்க்காரி அங்காயி வந்தாள். அவன் தெருவுக்குப் பத்து வருஷமாகத் தயிர் ஊற்றுகிறவள். பானை தளும்பி, வாயில் கட்டியிருந்த துணியில் தயிர் ஏறி, அங்கேயே ஒரு குவியலாகத் தங்கியிருந்தது. நீர் மட்டும் வடிந்து அவள் தோளை நனைத்துக்கொண்டிருந்தது. பானையை இறக்கிவைத்தவள் அந்தக் குவியலை ஒற்றை விரலால் வழித்து நக்கினாள். முத்திருளன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

“அக்கா, அது மட்டும் ஏன் வெண்ணெயாட்டம் நிக்குது?”

“துணி தண்ணியத்தான் விடும் தம்பி, தயிர விடுமா?” என்றாள் அங்காயி.

அவ்வளவுதான். பத்து வருஷத் தயிருக்கும் சேர்த்து அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான். அவள் இவனுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தாள்.

அடுப்போய்வு நாள் விடிந்தது. அரண்மனைத் தோட்டத்தில் நல்ல நிழலான மாமரமாகப் பார்த்து, நாலாக மடித்த புதுத்துணியைக் கிளையில் தூளி மாதிரி கட்டினான் முத்திருளன். முதல் நாளே உறைய வைத்திருந்த எருமைத் தயிரை அங்காயி தன் பானையிலிருந்து தன் கையாலேயே துணிக்குள் ஊற்றினாள். துணியின் வாயை அவன் இறுக்கி முடிந்தான். பிறகு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான்.

சபாநடேசரின் ஆட்கள் ஓடிப்போய்ச் செய்தி சொன்னார்கள். நெருப்பும் இல்லை, பாத்திரமும் இல்லை, மூட்டை ஒன்று தொங்குகிறது, விகடர் கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்கிறார் என்றார்கள். அவரே வந்து எட்டிப் பார்த்தார். மூட்டையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. தயிரும் போச்சு, துணியும் போச்சு என்று சிரித்துக்கொண்டே திரும்பினார். பாவம், சட்டியில் தொடங்கிச் சட்டியில் முடியாத சமையலை அந்த மனுஷர் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

உச்சிப்பொழுது சாய்ந்ததும் முத்திருளன் முடிச்சை அவிழ்த்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று, விரல் பதித்தால் தடம் நிற்கிற பதத்தில் தயிர். அதை வாழையிலையில் சரித்தான். இலையிலும் தண்ணீர் நிற்குமே என்று நாலு கீறல் கீறிக்கொண்டான், அவ்வளவு ஜாக்கிரதை. அம்மியில் இஞ்சியையும் பச்சை மிளகையும் கல் உப்போடு நசுக்கினான். அதைத் தயிரில் சேர்த்து, நார்த்தங்காய் பிழிந்து, கறிவேப்பிலையையும் கொத்துமல்லியையும் பொடியாகக் கிள்ளிப் போட்டான். கள்ளை மட்டும் அங்காயி கலயத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒரு மடக்குக்கு மேல் வேண்டாம், இளகிவிடும் என்று நிறுத்தினான். கையாலேயே பிசைந்து அவளுக்குக் கொஞ்சம் கொடுத்தான். உப்புப் பத்தாது என்றாள். போட்டான். இன்னும் ஒரு வாய் கேட்டாள். அப்போதே அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

பம்பளிமாஸ் பழங்களை இரண்டாக வெட்டிச் சுளையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு தோலின் அடியிலும் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. விளிம்பில் நார்த்தங்காயைத் தேய்த்து, உப்பிலும் மிளகுப்பொடியிலும் ஒரு புரட்டுப் புரட்டினான். உள்ளே கோபுரமாகத் தயிரை வைத்தான்.

மாலையில் சம்பந்தி அரசர் பரிவாரத்தோடு வந்து உட்கார்ந்தார். இலைகளில் வெள்ளரித் துண்டும் மாங்காய்க் கீற்றும் இளம் முள்ளங்கியும் முதல் நாள் சுட்ட முறுக்கும் இருந்தன. நடுவில் அந்தப் பம்பளிமாஸ் தோல். அடுப்பெரியாத வீட்டில் என்ன பெரிதாகப் போடப் போகிறார்கள் என்கிற நினைப்போடு, சம்பந்தி ஒரு முறுக்கை ஒடித்துத் தொட்டு வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். வெள்ளரியை எடுத்து இன்னொரு தரம், இந்தத் தடவை விளிம்பு உப்பையும் சேர்த்து வழித்தார். வல்லபேந்திரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எங்கள் வீட்டுப் பானம்” என்றார் சம்பந்தி நிதானமாக. “ஆனால் நான் இதைத் தின்றுகொண்டிருக்கிறேன்.”

சபாநடேசரால் பொறுக்க முடியவில்லை. விருந்தாளி முன்னால் பேசலாமா கூடாதா என்றுகூட யோசிக்காமல் எழுந்துவிட்டார். விகடர் நிபந்தனையை மீறிவிட்டார், பழத்தோலைக் கிண்ணமாக்கி அதைத் தன் கையாலே தொட்டிருக்கிறார், கிண்ணம் பாத்திரம் இல்லாமல் வேறென்ன, இனி அவர் வாய் திறக்கக்கூடாது என்று மளமளவென்று சொல்லி முடித்தார். அரசர் முகம் சுண்டிப்போனது. கொடுத்த வாக்கு இப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

முத்திருளன் பதறவில்லை. வாக்குப்படி ஊமையாவதற்கு முன்னால் ஒரு செம்பு தண்ணீர் மட்டும் கேட்டான். வெறும் தோல் ஒன்றைச் சபாநடேசர் கையிலேயே கொடுத்து, தண்ணீரை அவரையே ஊற்றச் சொன்னான். அவர் ஊற்றினார். ஊற்றிய தண்ணீரெல்லாம் ஓட்டை வழியாக அவர் பாதத்தில் கொட்டியது. அடுத்து, தயிர் நிரம்பிய தோலை எல்லோரும் பார்க்கும்படி தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். ஓட்டை வழியே ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

“ஒழுகுவது பாத்திரமாகாது என்று ஓலையில் இருக்கிறது மகாராஜா. ஆகையால் நான் பாத்திரம் தொடவில்லை. ஒழுகாதது பானமாகாது என்பதைக் கண்ணாலேயே பார்க்கிறீர்கள். ஆகையால் இது தின்கிற பண்டம். இனி நான் பேசலாமா, கூடாதா?”

முதலில் சிரித்தது சம்பந்திதான். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இத்தனை காலம் கிண்ணம் கிண்ணமாகக் குடித்துத் தீர்த்தோமே, தின்னலாமென்று ஒருவனுக்கும் தோன்றவில்லையே என்று தன் பரிவாரத்தைத் திட்டினார். இந்த ஆளை ஒரு மாதம் எனக்கு அனுப்புங்கள் என்று வாய்விட்டுக் கேட்டார். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே நம் அரசர் காத்திருந்தார்! நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. செய்முறை வேண்டுமானால் எழுதித் தருகிறேன், ஆளை மட்டும் தரமாட்டேன் என்றார்.

பிறகு சபாநடேசர் பக்கம் திரும்பினார். விகடனுக்கு வைத்த வாய்ப்பூட்டை நீரே போட்டுக்கொள்ளும், இன்று முதல் உமக்குத்தான் பேச்சில்லை என்றார். சபாநடேசர் ஈரக் காலோடு தலை குனிந்து நின்றார். முத்திருளன் குறுக்கே வந்து கைகூப்பினான். பேசாமலிருப்பது என்றால் என்னவென்று இந்த இரண்டு நாளாக அவன் யோசித்துப் பார்த்திருந்தான். எதிரிக்கும் அது வேண்டாமென்று நிஜமாகவே தோன்றியது.

“அவர் வாயைக் கட்டாதீர்கள் மகாராஜா. அந்த வாய் அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமலிருந்தால் இன்றைக்கு நான் ஊமை.”

அரசர் சிரித்தார் பாருங்கள், தோளிலிருந்த சால்வை நழுவிக் கீழே விழுகிற சிரிப்பு. விழுந்ததை எடுத்து முத்திருளனுக்கே போர்த்தினார். கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி மாட்டினார். எனக்குப் போதும், தயிர் அங்காயியுடையது என்று அவன் சொல்ல, கறவை எருமை இரண்டு அவள் வீட்டுக்குப் போயின. சபாநடேசரையும் உட்காரவைத்து, பேச்சைத் திரும்பக் கொடுத்தாயிற்று, ஏதாவது பேசும் என்றார் அரசர்.

சபாநடேசர் ஒரு வெள்ளரித் துண்டை எடுத்தார். தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

“மிளகு கொஞ்சம் தூக்கல்” என்றார். சொல்லிவிட்டு இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.