படிச்சுப் பாருங்க

தும்பை என்றொரு கணினி இயங்குதளம். யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம் என்று பேர். ஆனால் பொறுப்பாளர் ஞானசிகாமணியைத் தாண்டி ஒரு காற்புள்ளிகூட உள்ளே போகாது. புதியவர்கள் என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "எல்லாம் வழிகாட்டியில இருக்கு. படிச்சுப் பாருங்க."

தும்பைக்காரர்கள் மதுரையில் நடத்திய கூட்டத்துக்குக் கோவில்பட்டியிலிருந்து செண்பகவல்லி வந்தாள். "நானும் சேரணும் சார்."

"இத்தனை வருஷமா எங்க கண்ணுல படாத தப்பு ஒண்ணைக் காட்டும்மா, சேர்த்துக்கிறேன்."

அரங்கம் சிரித்தது.

"சரி சார். இந்தப் புது லேப்டாப்ல நீங்களே தும்பையைப் போட்டுக் காட்டுங்க. வழிகாட்டியில உள்ளபடி மட்டும்."

ஞானசிகாமணி அலட்சியமாக உட்கார்ந்தார். பாதியில் திரை கறுத்து நின்றது. பழக்கதோஷத்தில் ஒரு கட்டளையைத் தட்டப் போனார்.

"அது வழிகாட்டியில இல்லையே சார்."

தன் கைபேசியில் வழிகாட்டியை மேலும் கீழும் உருட்டித் தேடினார். நிஜமாகவே இல்லை. பழைய ஆட்களுக்கு அது கைப்பழக்கம். வழிகாட்டியைத் திறந்தே பல வருஷம்.

"அப்ப புதுசா வர்றவன் என்னதாம்மா செய்வான்?"

"படிச்சுப் பார்ப்பான் சார்."

இந்த முறை அரங்கம் இன்னும் பலமாகச் சிரித்தது. விட்டுப்போன வரியைச் செண்பகவல்லி எழுதிக் கொடுத்தாள். ஞானசிகாமணி ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடாமல் உள்ளே விட்டார்.