பந்தல்காரர்கள் வாங்கிய கிரிப்டோ

ஆலடிக்குறிச்சியில் பந்தல் போடுகிற கூட்டாளிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூங்கில், துணி, நாற்காலி, விசிறி எல்லாம் சொந்தமாக வைத்திருந்தார்கள். புத்தி ஒன்றைத்தான் அவ்வப்போது வெளியில் வாங்க வேண்டியிருந்தது. மூத்தவர் சிவனணைந்தான் அண்ணாச்சி. அடுத்தவன் பூல்பாண்டி; எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டான், யோசித்ததால்தான் கெடுவான். மூன்றாமவன் மாசானம், சொன்னதைச் சொன்னபடி செய்பவன்.

அவர்களுடைய ஜெனரேட்டர் தாலி கட்டுகிற நேரம் பார்த்து நின்றுவிடும். புதுசு வாங்கச் சேர்த்த பணம் பாதி விலைக்குத்தான் வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில், "மாப்பிள்ளை கிரிப்டோ வாங்கியே வீடு கட்டிட்டாரு" என்று பெண்வீட்டார் பேசியது பூல்பாண்டி காதில் விழுந்தது. வீடே கட்டும் என்றால் ஜெனரேட்டர் எம்மாத்திரம்?

விசாரித்ததில், பொள்ளாச்சியில் தாட்சாயணி என்கிற பெண் தனியாளாக இணையத்தில் ஒரு சின்னக் கடை நடத்தி, கிரிப்டோ நாணயம் விற்பதாகத் தெரிந்தது. நேர்மையான பெண். அதுதான் பெரிய சிக்கலாகிப்போனது. பின்னால் யார் மேலும் பழியைப் போட முடியவில்லை.

வீடியோ அழைப்பில் வந்து அவள் சொன்னாள்: "கணக்கு யார் பேர்லீங்ணா? அவரு முகம் தெளிவாத் தெரியோணும். பின்னாடி வெள்ளையா இருக்கோணும்."

அண்ணாச்சி சட்டையைக் கழற்றினார். மாசானம் சுண்ணாம்பு வாளியைக் கொண்டுவந்து அவர் முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை அடித்தான்.

"பின்னாடி இன்னும் பச்சையாத் தெரியுதுங்ணா" என்றாள் தாட்சாயணி. சுவர் பச்சை.

"கேட்டியால? இன்னொரு கோட் அடி" என்றார் அண்ணாச்சி.

மூன்றாவது கோட்டில் முதுகு எரிந்து அவர் எழுந்து ஓட, மாசானம் போனோடு பின்னால் ஓட, அந்த ஓட்டத்தில் எதிர்வீட்டு வெள்ளைச் சுவர் தற்செயலாக அவருக்குப் பின்னால் வந்து நின்றது. கணக்கு தொடங்கியாயிற்று.

பணம் போனது, நாணயம் வந்தது. "போன்ல பன்னெண்டு வார்த்தை வருமுங்க" என்றாள் தாட்சாயணி. "நாணயம் இருக்குற பெட்டிக்கு அதுதான் சாவி. எழுதிப் பத்திரமா வச்சுக்குங்க. ஆரு கேட்டாலும் சொல்லாதீங்க. எங்கிட்டயும் சொல்லாதீங்க. உசுரே போனாலும் வாயத் தொறக்காதீங்க."

போன் வைத்ததும் ஆலோசனை நடந்தது.

"எழுதுனா என்ன ஆவும் தெரியுமா அண்ணாச்சி?" என்றான் பூல்பாண்டி. "பேப்பருக்குத் தெரிஞ்சிரும்."

அண்ணாச்சிக்கு மயிர் கூச்செறிந்தது. மூன்று பேரும் அறையைப் பூட்டிக்கொண்டு வார்த்தைகளை மனப்பாடம் செய்தார்கள். கற்பூரம் ஏற்றி, இனி இந்த வார்த்தைகளை வாயால் சொல்வதில்லை என்று சத்தியமும் செய்தார்கள்.

அந்த வார்த்தைகளை நாமும் இங்கே சொல்லக்கூடாதுதான். ஆனால் கதை நகர வேண்டுமே. அதில் ரைஸ் இருந்தது, சால்ட், ஆனியன் இருந்தது. சேர், ஃபேன், டென்ட் இருந்தது. ஃபயரும் இருந்தது.

"சேர்னு சொல்லக் கூடாது, சரி. நாக்காலின்னு சொல்லலாமா?" என்று மாசானம் கேட்டான்.

அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார். "நாக்காலிக்கு இங்கிலீசுல என்னல?"

மாசானம் வாயைப் பொத்திக்கொண்டான்.

"பாத்தியா? தமிழ்ல சொன்னாலும் கண்டுபிடிச்சிருவான். ரெண்டுலயும் கூடாது."

மறுநாள் ஒருவர் போன் செய்து, "சேர் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

"நீங்க சொன்ன அது இருக்கு" என்றான் பூல்பாண்டி.

"ஃபேனு?"

"அந்த அதுவும் இருக்கு. ஆனா அது வேற அது."

"என்னவே, காலைலயே குடிச்சிருக்கியா?" என்று அவர் வேறு பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டிலும் இதே பாடு. உப்பில்லாத குழம்பைப் பூல்பாண்டி வாய்பேசாமல் சாப்பிட்டான். பரவாயில்லையே, மனுஷன் திருந்திவிட்டான் என்று பெண்டாட்டி சந்தோஷப்பட்டாள்.

கைவிட்டுப் போகாமல் மிஞ்சியது ஊர்ப் பணக்காரர் பிச்சைக்கனி முதலாளி மகள் கல்யாணம். அதையும் கெடுத்தால் தொழிலை மூட வேண்டியதுதான். அன்று பூல்பாண்டி பயந்து பயந்து வேலை பார்த்தான். ஜெனரேட்டரைப் பத்துமுறை தடவிக் கொடுத்தான். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சமையல் கொட்டகைப் பக்கம் திரும்பினான். அடுப்பிலிருந்து பறந்த பொறி பந்தல் துணியின் ஓரத்தில் உட்கார்ந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பூல்பாண்டி முதலாளியிடம் ஓடினான். வாயைத் திறந்தான். சத்தியம் ஞாபகம் வந்தது; மூடிக்கொண்டான். வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் மேலே தூக்கி, விரல்களை நெளித்து நெளித்துக் காட்டினான்.

"என்னவே?" என்றார் முதலாளி.

பூல்பாண்டி இன்னும் வேகமாக நெளிந்தான். அண்ணாச்சிக்கும் மாசானத்துக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவர்களும் ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கம் நின்று கையைத் தூக்கி நெளிந்தார்கள். மாசானம் 'புஸ்' என்று சத்தமும் கொடுத்தான். இதைப் பார்த்த தவில்காரர் சும்மா இருப்பாரா? மூவரின் நெளிவுக்கும் ஏற்ற மாதிரி வாசிக்கத் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். முதலாளி மனம் குளிர்ந்து மூவர் கழுத்திலும் துண்டு போட்டார். பூல்பாண்டி அழுதுகொண்டே ஆடினான்.

நல்லவேளையாகச் சமையற்காரம்மா பார்த்துவிட்டாள். ஒரு அண்டா ரசத்தைத் தூக்கித் துணிமேல் வீசினாள். நெருப்பு அணைந்தது. மாப்பிள்ளையின் மாமா மேல் மட்டும் கொத்தமல்லித் தழை ஒட்டியிருந்தது.

"கோட்டிக்காரப் பயலே, தீப்பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று முதலாளி கத்தினார்.

பூல்பாண்டி அண்ணாச்சி பக்கம் திரும்பினான். முகத்தில் பெரிய நிம்மதி. "கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி. அவுகதான் சொன்னாவ. நான் சொல்லல."

போட்ட துண்டுகளை முதலாளி திரும்ப வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தாட்சாயணி அழைத்தாள். விலை நன்றாக ஏறியிருக்கிறதாம். "இப்ப வித்தா ரெண்டு ஜெனரேட்டரே வாங்கலாமுங்க. வார்த்தை பத்திரமா இருக்குதுங்களா? ஆருக்கும் தெரியாதில்லீங்?"

அண்ணாச்சி முகம் வெளுத்தது. போனை வைத்துவிட்டு, "ஏ பூல்பாண்டி, யாருக்கும் தெரியக் கூடாதுன்னுல்லா சொல்லுதா. ஒனக்குத் தெரியுமே?" என்றார்.

"ஒங்களுக்கும் தெரியும் அண்ணாச்சி."

"எனக்கும் தெரியும்" என்று மாசானம் அழ ஆரம்பித்தான்.

மூன்று பேருக்குத் தெரிந்த ரகசியம் என்ன ரகசியம்? மறந்துவிடுவது என்று முடிவாயிற்று. மறந்துவிட்டோமா என்று அப்போதைக்கப்போது பார்த்துக்கொள்ள வேண்டாமா? சோதனைக்குச் சொல்வது சத்தியத்தில் சேராது என்று பூல்பாண்டி யோசித்துச் சொன்னான். அதனால் தினமும் காலையில் டீக்கடை முன்னால் நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் பன்னிரண்டையும் உரக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் முழுசாக ஞாபகம் வந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒருநாள் பூல்பாண்டி, "ரைஸ், சால்ட், எக்..." என்று சொல்லிக்கொண்டே போனான்.

"நடுவுல ஆனியனை விட்டுட்டீரே" என்றார் டீ மாஸ்டர்.

பூல்பாண்டி கிளாஸைக் கீழே வைத்தான். "ராத்திரி பூரா முழிச்சு அந்த ஒண்ணைத்தான் மறந்தேன். அதையும் கெடுத்துட்டீரே!"

அப்போதுதான் அண்ணாச்சிக்கு உறைத்தது. டீ மாஸ்டருக்கும் தெரியும். அவரும் மறந்தாக வேண்டும். பக்கத்தில் நின்ற காய்கறிக்காரருக்கும் தெரியும். விசாரித்தால் கடைத்தெரு முழுக்கத் தெரியும். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, மறந்துவிட்டார்களா என்று பார்க்கப் பன்னிரண்டையும் ஒரே குரலில் சொல்லச் சொன்னார். கடைத்தெருவே தப்பில்லாமல் ஒப்பித்தது.

"நம்ம ஊருக்கே ஞாபகசக்தி சாஸ்திதான்" என்று பெருமூச்சு விட்டார் அண்ணாச்சி. "ஏ மாசானம், ஆட்டோவுல மைக்கையும் குழாயையும் கட்டுல. பக்கத்து ஊர்க்காரனுக்காவது மறந்திருக்கான்னு போய்க் கேப்போம்."